பெயர் தாங்கிய நிலக்கரி வண்டிகள்

தன்பாத், அசன்சோல், நாகபுரி, பிலாசுப்பூர் ஆகிய ஊர்களின் பக்கத்தே வாழும் தமிழன்பர்கள் நிலக்கரி ஏற்றிச் செல்லும் ரயில் தொடரைக் காணாத நாள் இராது. லெவல் கிராசிங்கின் கதவு சாத்தப்பட்டதும் சைக்கிளும் காரும் ஒருபுறம் ஒதுங்கி நிற்க, ஐம்பதுக்கும் மேற்பட்ட இரும்புப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து செல்லும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கும். எண்ணத் தொடங்கும் குழந்தைகள் இருபதுக்குள் சலித்துவிடுவர். பெட்டியின்மேல் எழுதியிருப்பதை நின்று படிப்பார் எவருமிலர். படிப்பதற்கு எண்ணும் எடையும் குறியும் அல்லாமல் அங்கு வேறொன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை.

நூறாண்டுகளுக்கு முன் பிரிட்டனில் இப்படியில்லை. அங்கே ஒரு நிலக்கரித் தொடர் கடந்து சென்றால் அது நடமாடும் பெயர்ப்பலகை வரிசையாகவே தோன்றும். ஒரு வண்டி சிவப்பு, அடுத்தது கருப்பு, அதற்கடுத்தது சாம்பல் நிறம். பக்கப் பலகைகளில் ஒருமுழ உயர எழுத்துக்களில் சுரங்க முதலாளியின் பெயர், அல்லது மொத்த வியாபாரியின் பெயர், அல்லது ஏதோ ஒரு சிற்றூரில் ரயில் நிலையத்தையொட்டிக் கரிக்கடை வைத்திருந்தவரின் பெயர். இருப்புப்பாதை ஒரு கம்பெனிக்குச் சொந்தம். இழுக்கும் எஞ்சினும் அக்கம்பெனியினுடையதே. பின்னே வரும் வண்டிகளோ பலப்பலருடைய சொத்து. இவற்றைத் 'தனியார் வண்டிகள்' என்று வழங்கினர். இந்தப் பெயர்களை இன்றளவும் அழியாமல் காத்தவர் யாவர் என்பதே நாம் கூறவந்த செய்தி. அரசாங்கமோ, ரயில்வே கம்பெனிகளோ, சுரங்க முதலாளிகளோ அந்த வேலையை முதன்மையாகச் செய்தவரல்லர். செய்தவர்கள் பொம்மை ரயில் விடும் பெரியவர்களும், அவர்களுக்காகத் தம் வீட்டுப் பின்கட்டில் வண்டி செய்து விற்ற சிறு உற்பத்தியாளர்களுமே.

இந்த முறை தோன்றியதற்குக் காரணம் உண்டு. 1825-இல் ஸ்டாக்டன்–டார்லிங்டன் இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, மக்கள் அதைச் சுங்கச் சாலைபோலவே கருதினர். சாலையில் அவரவர் வண்டியை அவரவர் ஓட்டிச் சென்று சுங்கம் செலுத்துவதுபோல, தண்டவாளத்திலும் அவரவர் வண்டியைக் கொண்டுவந்து கட்டணம் செலுத்தினர். பின்னர் எஞ்சின் ஓட்டும் பொறுப்பு முழுவதும் கம்பெனிகளிடம் சென்றது. ஆயினும் நிலக்கரிக்கு வண்டி கொடுக்கும் பொறுப்பைப் பல கம்பெனிகள் விரும்பவில்லை. நிலக்கரி வாணிகம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குவது. குளிர்காலத்துக்கென்று வண்டி செய்து வைத்தால் கோடையில் அது சும்மா நிற்கும். சுரங்கக்காரருக்கோ வண்டி தம் கையில் இருப்பது நல்லதாகவே பட்டது. கரி விற்கும்வரை வண்டியிலேயே கிடக்கலாம், சேமிப்புக் கிடங்கும் அதுவே. வடகிழக்குப் பகுதியில் மட்டும் நிலைமை வேறு. அங்கே நார்த் ஈஸ்டர்ன் ரயில்வே தானே வண்டிகளைத் தந்தது. ஆதலின் அப்பகுதியில் தனியார் வண்டிகள் குறைவு. நடுநாட்டுச் சுரங்கங்களிலும் தென்வேல்ஸிலும் அவை காடுபோல் மண்டின.

பலர் வண்டி பல கம்பெனிகளின் பாதையில் ஓடினால் ஒழுங்கு வேண்டுமன்றோ? 1842-இல் ஏற்பட்ட 'ரயில்வே கிளியரிங் ஹவுஸ்' என்னும் பொதுக் கணக்கு நிலையம் கம்பெனிகளுக்கிடையே வரவு செலவைத் தீர்த்துவைத்தது. நாளடைவில் தனியார் வண்டிக்கு அளவும் அமைப்பும் வகுத்தது. 1887, 1907, 1923 ஆகிய ஆண்டுகளின் விதிகள் வண்டிகளின் வரலாற்றில் மைல்கற்கள் எனலாம். 1923-ஆம் ஆண்டு வடிவம் பன்னிரண்டு டன் கொள்வது. நீளம் பதினாறரை அடி, அகலம் எட்டடி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி ஒன்பதடி. பெரும்பாலும் ஏழு பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மரச் சுவர். பக்கத்தில் கதவு உண்டு. சிலவற்றில் முனையிலும் கதவு உண்டு. முனைக்கதவு எப்பக்கம் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவதற்காகப் பக்கச்சுவரில் வெள்ளைக் கோடொன்று சாய்வாக ஏறிச் செல்லும். துறைமுகத்தில் வண்டியை நீராற்றல் மேடைமேல் ஏற்றி, அம்முனையைச் சாய்த்தால், கரி முழுவதும் கப்பலின் வயிற்றில் கொட்டிவிடும்.

அச்சுவரில் வேறு எழுத்துக்களும் இருந்தன. வெற்று வண்டியின் எடை ஒரு மூலையில். 'காலியானபின் இன்ன சுரங்கத்துக்கு அனுப்புக' என்னும் கட்டளை மற்றொரு மூலையில். அடிச்சட்டத்தில், வண்டியைச் சோதித்துப் பதிவு செய்த ரயில்வே கம்பெனியின் வார்ப்பிரும்புத் தகடு. ஒரே வண்டி வைத்திருந்த கரிக்கடைக்காரரும் அதற்கு ஒன்று என்று எண் இடமாட்டார், பெரிய எண்ணாகத்தான் இடுவார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் ஊரில் ஒரே லாரி வைத்துக்கொண்டு 'டிரான்ஸ்போர்ட்ஸ்' என்று பன்மையில் பெயரெழுதும் அன்பரை நினைந்து நாம் நகைத்தோம்.

தென்வேல்ஸில் டேவிட் டேவிஸ் என்பாரின் 'ஓஷன்' கம்பெனி வண்டிகள் புகழ்பெற்றவை. சுரங்கங்களிலிருந்து கார்டிஃப் துறைமுகத்துக்குச் செல்லும் பாதையில் நெருக்கடி மிகவே, அவரும் ஏனைய சுரங்கக்காரரும் சேர்ந்து பாரி என்னுமிடத்தில் புதுத் துறையொன்று அமைத்து, 1889-இல் திறந்தனர். அப்பகுதி நீராவிக் கரி உலகெங்கும் சென்றது. இந்தியாவிலும் பம்பாய்ப் பக்கத்து ரயில்கள் தொடக்க காலத்தில் பிரிட்டிஷ் கரியையே எரித்தன. அப்படிப் பெயர் பொறித்த வண்டியில் புறப்பட்ட கரியின் புகை தானாவிலும் கல்யாணிலும் படிந்திருக்கும் என்று எண்ணலாம்.

இம்முறையில் கேடும் உண்டு. எவருடைய வண்டியோ அவரிடமே காலியாகத் திரும்பவேண்டும். ஒரே ஊரிலிருந்து நான்கு திசைக்குச் செல்லவேண்டிய நான்கு காலி வண்டிகளைப் பிரித்துச் சேர்ப்பதற்கே யார்டுகளில் எஞ்சின்கள் இரவு பகலாக உழன்றன. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பொது மேலாளர் ஃபெலிக்ஸ் போல் 1920-களில் இருபது டன் வண்டிகளைப் புகுத்தப் பெரிதும் முயன்றார். பெரிய வண்டி, குறைந்த செலவு என்பது அவர் வாதம். ஆனால் சுரங்க முகப்புக்களும் துறைமுக மேடைகளும் சிறு வண்டிக்கென்றே கட்டப்பட்டிருந்தன. அவற்றை இடித்துக் கட்ட எவர் பணம் கொடுப்பார்? சிறு வண்டியே தொடர்ந்தது.

1939-இல் போர் மூண்டது. தனியார் வண்டிகள் யாவும் அரசாங்கத்தின் ஆணையால் பொதுவில் சேர்க்கப்பட்டன. எந்த வண்டியும் எங்கும் செல்லலாம், எவர் கரியையும் ஏற்றலாம். அன்றிலிருந்து பெயருக்குப் பொருளில்லாமற் போயிற்று. வண்ணம் பூசுவாரும் இல்லை. உடைந்த பலகைக்குப் பதில் புதுப் பலகை அடித்தார்கள். அதன்மேல் எழுத்து இல்லை. பெயரின் நடுவே வெறும் மரம் பல்லிழந்த வாய்போல் தெரிந்தது. 1947 ஜனவரி முதல் நாள் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. ஓராண்டு கழித்து, 1948 ஜனவரி முதல் நாள், ரயில்வேயும் நாட்டுடைமையாயிற்று. அதனோடு ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் வண்டிகள் பிரிட்டிஷ் ரயில்வேயிடம் வந்தன. 'பி' என்னும் எழுத்தை முன்னே கொண்ட புது எண் இட்டார்கள். பதினாறு டன் கொள்ளும் எஃகு வண்டிகள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டு இவற்றின் இடத்தைப் பிடித்தன. மர வண்டிகளைப் பக்கப்பாதையில் தள்ளித் தீயிட்டனர். மரம் எரிந்தபின் இரும்பைப் பொறுக்கிப் பழைய இரும்புக்கு விற்றனர். இத்தனை இலட்சம் வண்டிகளில் இன்று அருங்காட்சியகங்களிலும் பழைய பாதைகளிலும் நிற்பவை மிகச் சில.

தில்லி சாணக்கியபுரியில் 1977-இல் திறக்கப்பட்ட தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கு நம் மகளை அழைத்துச் சென்ற நாளில்தான் சிறு ரயில்களின்மேல் நமக்குப் பித்துப் பிடித்தது. கோப்புக்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் அலுவலில் இருபதாண்டு கழித்தவர் நாம். நாற்பது வயதுக்குமேல் பொம்மை ரயில் என்றால் வீட்டில் நகையாமல் இருப்பார்களா? ஆயினும் பிரிட்டனில் இது முதியோர் கலை. நார்தாம்ப்டனில் பாசெட்-லோக் என்பவர் 1899-இல் மாதிரிகளை விற்கத் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்துப் பொம்மை செய்வோரைச் சந்தித்தார். பின்னர் பிங், காரெட் ஆகியோரின் தொழிற்சாலைகள் அவருக்காக ஆங்கில வண்டிகளைத் தகரத்தில் அச்சிட்டுத் தந்தன. லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் ரயில்களைக் கொணர்ந்தார். அவர் பெயர்கொண்ட 'டப்லோ' என்னும் சிறிய வகை 1938-இல் வந்தது.

இச்சிறு வகையில் ஒரடிக்கு நான்கு மில்லிமீட்டர் என்பது கணக்கு. பதினாறரை அடி வண்டி அறுபத்தாறு மில்லிமீட்டராகும், உள்ளங்கையில் அடங்கும். ஆனால் தண்டவாளம் மட்டும் பதினாறரை மில்லிமீட்டர் அகலம். அதைக் கணக்கிட்டால் நாலடி ஒன்றரை அங்குலமே வருகிறது. உண்மை அகலமோ நாலடி எட்டரை அங்குலம். ஏறத்தாழ ஏழங்குலம் களவு போயிற்று! பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஒடுங்கியவை. அக்காலத்து மோட்டாரை அவற்றுள் புகுத்துவதற்காக உடலைச் சற்றுப் பெருக்கி, பாதையை மட்டும் ஐரோப்பிய அளவிலேயே விட்டுவிட்ட சமாதானம் இது. இதைப் பொறாதவர்கள் பதினெட்டு மில்லிமீட்டர் என்றும், பிறகு பதினெட்டே முக்காலுக்கும் சற்று மேல் என்றும் திருத்திக்கொண்டு தனிச் சங்கங்கள் கண்டனர்.

பாதையின் அகலத்துக்கே இவ்வளவு வழக்காடியவர்கள் வண்டியின் பெயரையும் நிறத்தையும் விட்டுவிடுவார்களா? பெரிய பொம்மைக் கம்பெனிகளின் போக்கு எளிது. ஓர் அச்சு வடித்து, அதன்மேல் கவர்ச்சியான பெயரொன்றை அடித்து விற்பார்கள். அப்பெயருடைய வணிகர் உண்மையில் அவ்வகை வண்டி வைத்திருந்தாரா என்று ஆராய்வது அரிது. ஆராய்ந்தவர்கள் சிறு உற்பத்தியாளர்கள். ஒருவர் பகலில் வேறு தொழில் பார்ப்பார், மாலையில் வெள்ளீயக் கலவையை அச்சில் ஊற்றி வண்டி வார்ப்பார். மற்றொருவர் பிளாஸ்டிக் அச்சு ஒன்று செய்துகொண்டு, சுவர் எழுத்தை மட்டும் மாற்றி மாற்றி விற்பார். வேறொருவர் வண்டியே செய்வதில்லை. தேய்த்தால் ஒட்டும் எழுத்துத்தாள்களை மட்டும் அச்சிடுவார். மாத இதழ்களின் கடைசிப் பக்கங்களில் சின்னஞ்சிறு விளம்பரம். காசோலை அனுப்பினால் அஞ்சலில் பொட்டலம் வரும். பகுதிகளைத் தனித்தனியாக அடக்கிய அப்பொட்டலத்தைக் 'கிட்' என்பர். இச்சொல்லைத் தமிழாக்க மூன்று நாள் முயன்றோம். 'உறுப்புக்கோவை' என்பதை நாமே எழுதி நாமே அடித்துவிட்டோம்.

பீக்கோ, ஸ்லேட்டர்ஸ், கேம்பிரியன், பார்க்சைடு டண்டாஸ் முதலியன இத்துறையில் பெயர்பெற்றவை. ஏர்ஃபிக்ஸின் பதினாறு டன் எஃகு வண்டிக் கிட்டை ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தம் கைச்செலவுப் பணத்தில் வாங்கி ஒட்டினார்கள். 1981-இல் அக்கம்பெனி நொடித்தபின் அந்த அச்சு டாபோலிடம் வந்து சேர்ந்தது. பார்க்சைடு கிட்டுகளோ பீக்கோவிடம் சென்றன. ஆனால் எல்லா அச்சுக்கும் அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. ஒருவர் முதுமையால் கடையை மூடினால், வாங்குவார் இல்லையேல் அச்சு பழைய இரும்புக்குப் போகும். மூல வண்டிக்கு நேர்ந்ததே அதன் மாதிரிக்கும் நேர்ந்துவிடும்.

நிறத்தைப் பற்றிய வழக்கு மிகச் சுவையானது. குளோஸ்டர் நகரத்தில் வண்டி கட்டிய பெருங்கம்பெனி ஒன்று, புது வண்டி பணிமனையை விட்டு வெளிவரும்போது படமெடுத்து வைப்பதை வழக்கமாகக் கொண்டிருந்தது. வண்டியின் அருகில் மாதமும் ஆண்டும் எழுதிய சிறு பலகையும் நிறுத்துவர். வண்டிகள் எரிந்தபின் எஞ்சியவை இப்படங்கள். 1950-இல் தோன்றிய வரலாற்று மாதிரி ரயில்வே சங்கத்தினர் இத்தகைய படங்களையும் வரைபடங்களையும் திரட்டிக் காத்தனர். கீத் மான்டேகு என்பார் குளோஸ்டர்ப் படங்களை 1981-இல் நூலாக்கினார். ஆயினும் ஒரு சிக்கல். அக்காலத்துக் கண்ணாடித் தகடுகள் சிவப்பொளியை உணராதவை. சிவப்பு வண்டி படத்தில் ஏறக்குறையக் கருப்பாக விழும். நீலமோ வெளிறிப்போய்ச் சாம்பலாகத் தோன்றும். படத்தை மட்டும் நம்பி வண்ணம் பூசுபவன் செவ்வண்டியைக் கருவண்டியாக்கிவிடுவான். பழைய ஆணைப் புத்தகம், ஊர்ப் பெரியவரின் நினைவு, கொல்லையில் கோழிக்கூடாகக் கிடந்த பழைய பலகையைச் சுரண்டியபோது தெரிந்த வண்ணம் — இவற்றைக்கொண்டே உண்மையைத் தேடவேண்டும்.

இது பொம்மைக்கு மிஞ்சிய அக்கறை என்று சொல்வாருண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. பல சிறு வணிகர்களைப் பற்றி வேறு ஏடு எதுவும் எஞ்சவில்லை. விற்கப்படும் மாதிரியில் நிறம் தவறினால், அடுத்தவர் அதைப் பார்த்தே நூல் எழுதுவார். நூலைப் பார்த்து இன்னொருவர் மாதிரி செய்வார். பின்பு பொய்யை அசைக்க முடியாது. மொழிபெயர்ப்பிலும் இதே விபத்து உண்டு. ஒரு கலைச்சொல்லை முதலில் தவறாக ஆக்கியவர் ஓய்வுபெற்றுச் சென்றபின்னும் அது சுற்றறிக்கைதோறும் வாழும். நாம் அத்தகைய சொல் ஒன்றைப் பெற்றெடுத்திருக்கிறோம். எது என்று இங்கே கூறமாட்டோம்.

நாமும் கிட் வாங்கினோம். முதலில் பணம் அனுப்பிய இடத்திலிருந்து ஓராண்டாகியும் வண்டியும் வரவில்லை, விடையும் வரவில்லை. சிறு உற்பத்தியாளர் எல்லாரும் முனிவர்கள் அல்லர். இரண்டாமவர் ஒழுங்கானவர், ஏழு வாரத்தில் பொட்டலம் வந்தது. சுங்கத் தீர்வை செலுத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்தால் சக்கரங்களைக் காணோம். 'சக்கரம் தனி' என்று பட்டியலின் அடியில் பொடியெழுத்தில் இருந்திருக்கிறது. வாழ்நாளெல்லாம் அடிக்குறிப்பை மொழிபெயர்த்தவர் அதனைப் படிக்கவில்லை. பன்னிரண்டு மில்லிமீட்டர்ச் சக்கரங்களுக்கு மீண்டும் எழுதினோம். கூடவே, அவர் பட்டியலில் இல்லாத வேறொரு கரிக்கடைக்காரரின் எழுத்துத்தாளை அச்சிட்டுத் தர இயலுமா என்றும், படத்தில் வண்டி கருப்பாகத் தெரிகிறது என்றும் எழுதினோம். சக்கரங்களோடு ஒரு சீட்டு வந்தது. அது கருப்பா சிவப்பா என்பது தமக்கு இன்னும் தெரியவில்லை என்றும், தெரியும்வரை அதை விற்பதற்கில்லை என்றும், அவ்வூரார் எவரையேனும் அறிந்தால் கேட்டுச் சொல்லும்படியும் அதில் கண்டிருந்தது. விற்றிருந்தால் நாம் வாங்கியே இருப்போம்.

பிரிட்டனில் சில ஊர்களின் கடைக்காரரும் சங்கத்தாரும் தம் ஊர்க் கரிவணிகரின் பெயரிட்டு நூறோ இருநூறோ வண்டிகளைச் செய்வித்து விற்பதுண்டு. வாங்குவோரில் ரயில் பித்தரல்லாதாரும் இருப்பர். தாத்தாவின் பெயர் அலமாரியில் இருக்கட்டும் என்று வாங்கிச் செல்வர்.

நம்மிடம் வந்த கிட்டை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒட்டி முடித்தோம். புது வண்டியாகப் பளபளக்கச் செய்ய மனம் வரவில்லை. 1947-ஆம் ஆண்டில் நின்றிருக்கக்கூடிய நிலையில் செய்தோம்: வண்ணம் மங்கி, கரித்தூசி படிந்து, மேலிருந்து மூன்றாம் பலகையும் நான்காம் பலகையும் எழுத்தில்லாத வெறும் மரமாக. அரும்பாடுபட்டு ஒட்டிய எழுத்துக்களை அவ்விரு பலகைகளில் மட்டும் கத்தியால் சுரண்டினோம். பக்கத்தில் அமர்ந்திருந்த மகள், “அப்பா, நன்றாயிருந்ததை ஏன் கெடுக்கிறீர்கள்?” என்றாள். பிறகு வண்டியைக் கையில் எடுத்து விளக்கின் அருகே பிடித்துக்கொண்டு, எழுத்துக்களின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் பார்த்து, நடுவில் இல்லாததைத் தானே சேர்த்து, ஒவ்வோர் எழுத்தாக அந்தக் கரிக்கடைக்காரரின் பெயரைப் படித்தாள்.